ஆளுக்கொரு கிண்ணம்

(கீழப்பழுவூரில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழுவூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பழுவேட்டரையர்தான் நினைவுக்கு வருகிறார். கல்கியின் நாவல் அப்படிப் பதிய வைத்துவிட்டது. சம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயிலைப் பற்றியும், கீழையூர் இரட்டைக் கோயிலைப் பற்றியும், அங்குள்ள கல்வெட்டுகளைப் பற்றியும் பேசத் தகுதியானவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். நான் அடுப்படியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் காலை நேரத்து அடுப்படி. அதிலும் முதல் நாள் மீந்துபோன கறி. அந்தக் கறியைக் கிண்ணத்தில் போட்டு, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மூடி வேகவைத்து, ஆளுக்கொரு கிண்ணமாகக் காலையில் கொடுப்பது. இதுதான் இன்றைய தலைப்பு.

இதெல்லாம் மேடை போட்டுப் பேசுகிற சங்கதியா? ஆம், மேடை போட்டுத்தான் பேச வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் முக்கால் கிலோ ஆட்டுக்கறி எடுக்கிறார்கள். மதியம் குழம்பு, கொஞ்சம் வறுவல். வறுவல் அப்போதே தீர்ந்துவிடுகிறது. இரவு தோசைக்கும் அதே குழம்பு. திங்கட்கிழமை காலை, சட்டியின் அடியில் என்ன இருக்கிறது? கரண்டியை விட்டுத் துழாவினால் ஏழெட்டுத் துண்டு தட்டுப்படுகிறது. ஒரு நல்லி எலும்பு. கரைந்தும் கரையாமலும் உருளைக்கிழங்கு. முதல் நாளைவிடக் குழம்பு கெட்டியாகி, மசாலா கறிக்குள் இறங்கி, மணமும் கூடியிருக்கிறது. மறுநாள் கறிக்குழம்பின் ருசி தெரியாதவர் நம்மில் யார்?

இப்போது கேட்கிறேன். அந்த ஏழெட்டுத் துண்டு யாருக்குப் போகிறது?

சிமெண்டு ஆலைக்கு முதல் ஷிப்ட் போகிறவர் விடியுமுன் சாப்பிட்டுக் கிளம்ப வேண்டும். அவர் தட்டில் மூன்று துண்டு. பள்ளிக்கூடம் போகிற பையனுக்கு இரண்டு. பெரியவருக்குப் பல் இல்லை. ஆனாலும் மெத்தென்று ஒன்று பார்த்துப் போட வேண்டும். மகளுக்கு ஒன்று கிடைத்தால் உண்டு. எல்லோரும் போன பிறகு அந்த வீட்டம்மா உட்காருகிறார். ஆறிப்போன இட்லி இரண்டு. சட்டியில் ஒட்டியிருக்கிற மசாலாவை இட்லியாலேயே வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறார். வேண்டாம் என்று யாரும் அவரைத் தடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்று யாரும் நினைக்கவும் இல்லை. சட்டியில் இல்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு வாரமும் இல்லை. ஒவ்வொரு மாதமும் இல்லை. ஆண்டுக்கணக்கில் இல்லை. இதன் விலை என்ன?

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! பேருந்து வசதி உள்ள மாநிலம், ஆரம்ப சுகாதார நிலையம் உள்ள மாநிலம், பெண்கள் படித்த மாநிலம். இங்கே இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல் ரத்தம் குறைவு. படியேறினால் மூச்சு வாங்குகிறது, மாலையானால் தலை சுற்றுகிறது, "வயசாகுதுல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். முப்பத்தைந்து வயதில் என்ன வயசு?

ரத்தசோகைக்குப் பல காரணம் உண்டு. மாதவிடாய் ரத்தப்போக்கு, அடுத்தடுத்த பிரசவம், குடற்புழு, உணவில் இரும்புச் சத்து போதாமை. மாத்திரை தேவைப்பட்டால் மாத்திரைதான். மருத்துவர் சொன்னால் தட்டக் கூடாது. உணவின் பங்கு என்ன என்பதை மட்டும் நான் சொல்கிறேன். கறியில் உள்ள இரும்பை உடல் சுலபமாக எடுத்துக்கொள்ளும். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பை அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் அந்தத் தானியத்தோடு கொஞ்சம் கறியும் சேர்த்துச் சாப்பிட்டால், தானியத்தின் இரும்பும் கூடுதலாகச் சேரும். கொஞ்சம் போதும். இரண்டு மேசைக்கரண்டி உதிர்த்த கறி போதும். ஒருவருக்கு மூன்று துண்டு, இன்னொருவருக்கு வெறும் குழம்பு என்பதைவிட, ஐந்து பேருக்கும் இரண்டிரண்டு கரண்டி என்பது எவ்வளவு மேல்!

குழம்பை யாரும் எண்ணுவதில்லை. ஆனால் கிண்ணத்தை எண்ணித்தான் ஆக வேண்டும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கிண்ணம், அத்தனை முட்டை. ஐந்து கிண்ணம் எடுத்து வைக்கும்போது, ஐந்தாவது கிண்ணம் யாருடையது என்பது அந்த வீட்டுச் சிறுவனுக்குக்கூடத் தெரியும். இந்தப் பலகாரத்தின் மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு வரக் காரணம் அதுதான். ருசி அதற்கடுத்துத்தான்.

சரி, எப்படிச் செய்வது? வாருங்கள், அடுப்படிக்குப் போவோம்.

மீந்த கறியை எடுங்கள். எலும்பை நீக்குங்கள். விரலால் நாரோடு நாராக உதிர்த்துவிடுங்கள். ஆடானாலும் கோழியானாலும் இதே கதைதான். சின்ன வெங்காயம் பத்து. செட்டிகுளத்து வெங்காயம் நம் பக்கத்துச் சொத்து. அது இருக்கும்போது வேறெதற்கு? பொடியாக அரிந்து, நல்லெண்ணெயில் வதக்கி, ஒரு தக்காளியும் போட்டுக் கரையவிடுங்கள். உதிர்த்த கறியையும் மீந்த குழம்பையும் அதில் கொட்டிக் கொதிக்க விடுங்கள். ஓரத்தில் மட்டும் குமிழி வந்தால் போதாது. நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும். தண்ணீர் வற்றி, கரண்டியால் ஒதுக்கினால் சட்டியின் அடி தெரிகிற பதம் வரும்வரை கிளறுங்கள். உப்பு போடாதீர்கள். குழம்பில் ஏற்கெனவே இருக்கிற உப்பு, சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும்.

பாயசம் குடிக்கிற அளவுள்ள சின்ன எவர்சில்வர் கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே எண்ணெய் தடவுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மேசைக்கரண்டி கறி. கரண்டியின் முதுகால் நடுவில் ஒரு குழி. முட்டையை முதலில் தனி டம்ளரில் உடைத்து, நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெல்ல அந்தக் குழியில் சரியுங்கள். மேலே இடித்த மிளகு, முட்டைக்கு மட்டும் ஒரு சிட்டிகை உப்பு, கறிவேப்பிலை. பண்ருட்டி, ஜெயங்கொண்டம் பக்கத்து உறவினர் யாராவது முந்திரி கொடுத்துவிட்டிருந்தால், உடைத்து இரண்டு தூவலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். கறி சூடாக இருக்கும்போதே முட்டையை ஊற்ற வேண்டும். ஆறிய கறியில் ஊற்றினால், மேலே ரப்பர் போல இறுகியும் அடியில் வழவழவென்று வேகாமலும் முட்டை கெட்டுப்போகும். சூடான கறியில் விழுந்த முட்டையைப் பாருங்கள். கறியைத் தொடுகிற ஓரத்தில் கண்ணாடி போலிருந்த வெள்ளைக்கரு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் நிறமாகிறது. அந்த வெண்மை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல நகர்கிறது. வெள்ளைக்கரு முதலில் இறுகும். மஞ்சள்கரு இறுக அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். அதனால்தான் அடியிலும் மேலும் ஒரே சீராகச் சூடு பட வேண்டும் என்கிறேன்.

"மேலும் கீழும் சூடு படணும்னா ஓவன் வேணுமே, நாங்க எங்க போறது?" என்ற கேள்வி இந்நேரம் எழுந்திருக்கும். வேண்டாம் தாய்மார்களே, ஓவன் வேண்டாம். தம் பிரியாணிக்கு மூடியின் மேல் தணலைக் கொட்டத் தெரிந்த நமக்கு, மேல்சூடு புதிய பாடமா? குக்கரில் கல்லுப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கேக் செய்யாத தெரு எது? அதே முறைதான். கனத்த சட்டியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்பு. அதன் மேல் ஒரு வளையம் அல்லது கவிழ்த்த தட்டு. மூடிப் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். பிறகு கிண்ணங்களை உள்ளே வைத்து, மூடி, தீயைத் தணித்துவிடுங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடத்தில் மேல்பக்கம் சுட்ட நிறம் தொட்டு முட்டை தயார். ஓவன் இருக்கிற வீட்டில் 180 டிகிரி. நேரம் ஏறக்குறைய அதே.

காலை அவசரத்துக்கு இதைவிடச் சுலபமானது இட்லிக் குண்டான். தண்ணீர் கொதித்த பிறகு, துளைத்தட்டின் மேல் கிண்ணங்களை வையுங்கள். மூடிக்கு உள்பக்கம் ஒரு துணியைக் கட்டுங்கள். ஆவித்தண்ணீர் முட்டையில் சொட்டக் கூடாது. எட்டு நிமிடத்தில் மஞ்சள்கரு இளக்கமாக இருக்கும். பன்னிரண்டு நிமிடத்தில் முழுக்க வெந்துவிடும். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் ஆகியோருக்கு முழுக்க வெந்ததைத்தான் கொடுக்க வேண்டும். பணியாரச் சட்டியிலும் செய்யலாம். குழிக்குக் கொஞ்சம் கறி, அதன் மேல் அடித்த முட்டை, மூடி, சிறு தீ. ஓரம் முறுகி வருவதால் பிள்ளைகளுக்கு அது இன்னும் பிடிக்கும்.

இது நான் கண்டுபிடித்த பண்டம் என்று எண்ணிவிட வேண்டாம். மும்பை, குஜராத் பக்கம் வாழும் பார்சி மக்களிடம் 'கீமா பர் ஈடா' என்று ஒன்று உண்டு. சமைத்த கொத்துக்கறியின் மேல் முட்டைகளை உடைத்து ஊற்றி, மூடி வேகவைத்துவிடுவார்கள். கறி இல்லையா? உருளைக்கிழங்கின் மேல். தக்காளியின் மேல். வெண்டைக்காயின் மேல்! எந்தப் பண்டம் மீந்தாலும் அதன் மேல் முட்டை ஊற்றுகிற மக்கள் அவர்கள். பிரெஞ்சுக்காரர்கள் சின்னப் பீங்கான் கிண்ணத்தில் ஆளுக்கு ஒரு முட்டையாகச் சுடுகிறார்கள். இலங்கையில் முட்டை அப்பம் ஒருவருக்கு ஒன்று என்றுதான் சட்டியிலிருந்து இறங்குகிறது. அவ்வளவு தூரம் ஏன்? மதுரைக் கறிதோசையை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே மாவு, நடுவில் முட்டை, மேலே கறி. அதே கறியும் முட்டையும், வேறு வரிசை. ஆக, நம் நாக்குக்கு இந்தக் கூட்டணி புதிதல்ல.

இனி நான் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டிய இடம். மீந்த கறி நல்லது. ஆனால் மீந்த கறி எல்லாமே நல்லதல்ல!

கறி வெந்தபோது கிருமிகள் செத்துவிட்டன என்று நினைக்கிறோம். சில கிருமிகளின் வித்துகள் கொதியையும் தாங்கும். பெரிய சட்டி நிறையக் குழம்பு மெல்ல மெல்ல ஆறும்போது, அந்த வெதுவெதுப்பில்தான் அவை முளைத்துப் பெருகுகின்றன. சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயிலுக்கு, வெளியே வைத்த குழம்பு இரவு முழுக்க ஆறாமலே கிடக்கும். அதனால், சமைத்து இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள், காலைக்கு வேண்டியதை முன்னதாகவே ஒதுக்கி, அகலமான சின்னப் பாத்திரத்தில் ஆறவைத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சுவதை எடுத்து வைப்பது ஒரு வழக்கம். பரிமாறும் முன்பே காலைக்கு என்று எடுத்து வைப்பது வேறு வழக்கம். இரண்டாவதைப் பழகுங்கள். அப்போதுதான் அளவும் இருக்கும், பாதுகாப்பும் இருக்கும்.

காலையில் ஒரே ஒருமுறைதான் சூடாக்க வேண்டும். அதுவும் முழுக்கக் கொதிக்க வேண்டும். அதற்கு மேல் மிஞ்சினால் மதியத்துக்கு வைக்க வேண்டாம். கறியும் முட்டையும் கிண்ணத்தில் ஊற்றி இரவே தயாராக வைத்துவிடலாமே என்று சிலர் நினைப்பார்கள், அதுவும் கூடாது. முட்டை காலையில்தான் உடைய வேண்டும். குளிர்பெட்டி இல்லாத வீடா? தயவுசெய்து கறிக்குழம்பை அன்றைக்கே முடித்துவிடுங்கள். நம் பாட்டிமார்கள் இரவில் ஒருமுறை, விடியலில் ஒருமுறை சுண்டவைத்துச் சமாளித்தார்கள், அது உண்மைதான். ஆனால் பெருகிய கிருமி சிலவகை நஞ்சை விட்டுப்போகும். எல்லா நஞ்சும் கொதியில் அழிவதில்லை. அதே பாட்டிமார்கள் வேறு ஒரு வழியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உப்புக்கண்டம். கறியைப் பட்டையாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, நூலில் கோத்து, கொடியில் மாலை மாலையாகத் தொங்கவிட்டு, ஈரம் போகக் காயவைத்த உப்புக்கண்டம். கிண்ணத்துக்கு இரண்டு துண்டு, ஊறவைத்து, இடித்து, வெங்காயத்தோடு வதக்கினால் போதும். அதைவிட அருமையான துணை இந்த முட்டைக்குக் கிடையாது என்பது என் முடிவான கருத்து.

அடுத்து, முட்டைக்கு வருகிறேன். முட்டை என்றால் நாமக்கல் என்கிறோம். நாமக்கல் பண்ணைக் கோழி எதைத் தின்கிறது? மக்காச்சோளம். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளைகிற மாவட்டங்களில் முன்வரிசையில் இருப்பது நம் பெரம்பலூர். நீங்கள் மானாவாரிக் காட்டில் விதைத்து, படைப்புழுவோடு போராடி, கதிரடித்து ஏற்றி அனுப்புகிற சோளம்தான் தீவனமாக அரைபட்டு, முட்டையாகி, அட்டையில் அடுக்கி நம் மளிகைக் கடைக்குத் திரும்பி வருகிறது.

அது மட்டுமா? முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அரியலூர் மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி கடலாக இருந்தபோது படிந்தது அது. நம்பாதவர்கள் பக்கத்தில் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஓடு உறுதியாக இருக்க வேண்டும் என்று பண்ணைகளில் கோழித் தீவனத்தோடு சுண்ணாம்புக்கல் தூளும் கலக்கிறார்கள். சோளமும் சுண்ணாம்புமாக நம் மண்ணில் கிடைப்பவைதான் ஒரு முட்டை. அதை விளைவித்தவர் வீட்டுப் பெண் அதைச் சாப்பிடவில்லை என்றால், அது எப்படிப்பட்ட கணக்கு?

தலைக்கொரு முட்டை என்பதைப் பள்ளிக்கூடம் எப்போதோ புரிந்துகொண்டது. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில், 1989-ல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. படிப்படியாகக் கூடி, 2010-ல் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை என்றானது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். அங்கே என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? தலைக்கு ஒன்று. எண்ணி வருகிறது, எண்ணிப் போகிறது. பையனுக்கு ஒன்று, பெண்ணுக்குப் பாதி என்ற பேச்சே அங்கே கிடையாது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டமும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று லட்சக்கணக்கான பிள்ளைகளின் வெறும் வயிற்றை அது நிரப்புகிறது. கைகூப்பி வரவேற்க வேண்டிய திட்டம். அந்தத் திட்டம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளோடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற மகளுக்கு யார் திட்டம் போடுவது? கூலி வேலைக்குக் காலையிலேயே கிளம்புகிற தாய்க்கு யார் திட்டம் போடுவது? வீட்டு அடுப்படிதான் போட வேண்டும். தலைக்கு ஒன்று என்ற பள்ளிக்கூடத்துக் கணக்கை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

திங்கட்கிழமை கவிச்சி தொடாத வீடுகள் இங்கே நிறைய உண்டு. அவர்கள் ஞாயிறு இரவோடு சட்டியைக் கழுவிவிடுவார்கள். அவர்கள் வழக்கம் அவர்களுக்கு. செவ்வாயோ புதனோ, தக்காளித் தொக்கின் மேல், முருங்கைக்கீரை வதக்கலின் மேல் இதே முட்டையை ஊற்றலாம். கறி இல்லாத கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். கீரையின் இரும்பை உடல் எடுத்துக்கொள்ள அது உதவும். இன்னொன்று, சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம். டீயும் காபியும் இரும்புச் சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். டீயை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. இட்லிக் குண்டானில் ஒரு ஈட்டுக்கு நாலு கிண்ணம்தான் கொள்ளும். ஐந்து பேர், ஆறு பேர் உள்ள வீட்டில் இரண்டு ஈடு போட்டாக வேண்டும். அப்போது பழைய வழக்கம் திரும்ப எட்டிப் பார்க்கும். முதல் ஈடு வெளியே போகிறவர்களுக்கு, இரண்டாவது ஈடு மிச்சப்பேருக்கு, அதற்குள் வேலை வந்துவிட்டால் அந்தக் கடைசி முட்டை உடையாமலே அட்டையில் இருந்துவிடும். அதனால் சமைக்கிறவரின் கிண்ணம் முதல் ஈட்டிலேயே வைக்கப்பட வேண்டும். சமைக்கிறவர் தானாக வைத்துக்கொள்ள மாட்டார். அதை எடுத்து வைக்கிற வேலை மகனுடையது, கணவனுடையது, பக்கத்தில் நின்று பார்க்கிற மாமியாருடையது. இங்கே பின்வரிசையில் கைகட்டி நிற்கிற தம்பிகளே, உங்களைத்தான் சொல்கிறேன்.

மேடைக்கு இடப்பக்கம் அடுப்பும் குண்டானும் வைத்திருக்கிறோம். இது மாலை நேரம், கறி சாப்பிடாதவர்களும் வந்திருக்கிறீர்கள் என்பதால் மீந்த கறி கொண்டுவரவில்லை. தக்காளித் தொக்கும் முட்டையும் இருக்கின்றன. தண்ணீர் கொதித்துவிட்டது. கேள்விகளை அங்கே வந்து கேளுங்கள், செய்துகொண்டே பேசுவோம்.